தரவுப் பொறியியல் வேலைக்கு எந்தத் திட்டப்பணி உதவும்? ஒரு மாணவருக்குப் பதில்

இறுதியாண்டுத் திட்டப்பணியாக எதைச் செய்தால் தரவுப் பொறியியல் வேலைக்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணிப்பு மாதிரியும் ஒரு டாஷ்போர்டும் ஏற்கெனவே கைவசம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு டாஷ்போர்டு வேண்டாம். மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய தகவல்) கேட்டலாக் ஒன்றுக்குப் புதிய தரவு மூலத்தை இணைக்கும் நிரலான கனெக்டரை நீங்களே எழுதுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

ஒரு நிறுவனத்தில் எந்த அட்டவணை எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, எந்த அறிக்கை அதைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தேடி அறிய உதவுவது கேட்டலாக். லிங்க்ட்இன் உருவாக்கி 2020இல் திறமூலமாக வெளியிட்ட டேட்டாஹப்பிலும், ஓப்பன்மெட்டாடேட்டா போன்ற பிற கேட்டலாக்குகளிலும் பிரபலமான தரவுத்தளங்களுக்கான கனெக்டர்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் நிறுவனமே தனக்கென எழுதிக்கொண்ட பழைய மென்பொருளுக்கும், தனி வடிவத்தில் சேமித்த கோப்புகளுக்கும் அப்படி எதுவும் இருக்காது. அங்கேதான் உங்கள் திறமைக்கு வேலை இருக்கிறது.

ஓப்பன்மெட்டாடேட்டாவில் தொடங்குங்கள். அட்டவணைப் பெயர், நெடுவரிசைப் பெயர், தரவு வகை ஆகிய மூன்று மட்டும் கொண்ட சிஎஸ்வி கோப்பே முதல் மூலமாகப் போதும். ஓப்பன்மெட்டாடேட்டாவின் சோர்ஸ் என்ற பைத்தான் வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பைப் பெற்று, இணைப்பைச் சோதிக்கும் செயற்கூறையும், கண்டறிந்தவற்றை ஒவ்வொன்றாக அனுப்பும் செயற்கூறையும் எழுத வேண்டும். சர்வீஸ் (தரவு மூலம்), டேட்டாபேஸ், ஸ்கீமா (அட்டவணைகளின் தொகுப்பு), அட்டவணை என்ற வரிசையிலேயே அனுப்புங்கள். அட்டவணை தன் ஸ்கீமாவின் முழுப்பெயரைச் சுட்டுவதால், அந்த ஸ்கீமா முன்பே பதிவாகியிருக்க வேண்டும். புரியாத தரவு வகை வந்தால் நெடுவரிசையைக் கைவிடாமல், 'அறியப்படாதது' என்றே பதிவுசெய்யுங்கள்.

கனெக்டரின் முதல் ஓட்டம் வெற்றி பெற்றதும் பெரும்பாலான மாணவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பொறியியல் இரண்டாவது ஓட்டத்தில்தான் தொடங்குகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக, டேட்டாஹப்பில் ஓர் அட்டவணையின் அடையாளம் தளம், பெயர், சூழல் (சோதனை, உண்மைப் பயன்பாடு போன்றவை) ஆகியவற்றால் அமைகிறது. ஒருமுறை பெரிய எழுத்திலும் மறுமுறை சிறிய எழுத்திலும் பெயரை அனுப்பினால் ஒரே அட்டவணை இரண்டாகிவிடும். ஊழியர்கள் கேட்டலாக்கில் பொறுமையாக எழுதிவைத்த விளக்கங்களை உங்கள் கனெக்டர் வெற்று விளக்கத்தால் அழித்துவிடவும் கூடாது. மூலத்தில் நீக்கப்பட்ட அட்டவணையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கனெக்டர் தான் காண்பதை மட்டுமே சொல்லும் என்பதால், சென்ற முறை கண்டவற்றை நினைவில் வைத்து ஒப்பிட்டால்தான் காணாமல் போனது தெரியும். அப்படி ஒப்பிடும்போது, மூலத்தைப் படிப்பது பாதியில் அறுந்திருந்தால் எதையும் நீக்கக் கூடாது. இந்தக் காப்பு இல்லையென்றால், ஒரு சிறு வலைப்பின்னல் தடங்கல்கூட இருக்கின்ற அட்டவணைகளையெல்லாம் இல்லாதவையாகக் காட்டிவிடும். நேர்காணலில் இதை உங்கள் சொந்த நிரலைக் காட்டி விளக்க முடிந்தால், நீங்கள் பொறுப்பாகச் சிந்திப்பவர் என்பது கேட்பவருக்குப் புரியும்.

தரவு மூலத்தின் கடவுச்சொல்லை, நிரலைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இடாதீர்கள். நிரலுக்கு வெளியே கணினியில் அமைக்கும் சூழல் மாறியிலிருந்து பெறுங்கள். மூலத்தை அணுகும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும்.

ஓப்பன்மெட்டாடேட்டாவை டாக்கரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு பொதியாக ஓட்டும் கருவி) ஓட்ட ஏறத்தாழ 6 ஜிபி நினைவகம் ஒதுக்க வேண்டியிருக்கும். உங்கள் மடிக்கணினி தாங்காவிட்டால் கல்லூரி ஆய்வகக் கணினியைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்ட இதில் கவர்ச்சியான திரை எதுவும் இருக்காது. அதனால் மனம் தளர வேண்டாம். உங்கள் கனெக்டர் எந்த மூலத்திலிருந்து எவற்றையெல்லாம் எடுக்கிறது, எவற்றை எடுக்காது, மூலம் கிடைக்காதபோது என்ன செய்கிறது என்பதைக் களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பில் ஒளிவின்றி எழுதுங்கள். தன்விவரக் குறிப்பில் அதே செய்தியை இரண்டு வரிகளில் தந்து, களஞ்சியத்தின் இணைப்பையும் சேருங்கள்.