மும்பையில் மக்கள்தொகை குறைந்ததா? பக்கத்து தானே மாவட்டத்தில் உள்ள டோம்பிவிலியில் இருப்பவரை மும்பைக்காரர் என்று சொல்லலாமா?

குறைந்தது உண்மைதான், ஆனால் தெற்கே உள்ள நகர மாவட்டத்தில் மட்டும். 2001-ல் சுமார் 33.4 லட்சம் பேர், 2011-ல் 30.9 லட்சம். அதே பத்தாண்டில் தானே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 1.1 கோடியானது.

1982-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நகர மாவட்டத்தின் பரேல், லால்பாக் பக்கத்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் ஷாப்பிங் மால்களும் அலுவலகக் கட்டடங்களும் எழுந்தன. சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கேயே தனி வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நம் தமிழர்களும் அப்படித்தான்: மாட்டுங்காவிலிருந்து செம்பூர், அப்புறம் முலுண்டு, டோம்பிவிலி.

டோம்பிவிலி வேறு மாநகராட்சி, சரி. ஆனால் தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து இந்த ஊரை நடத்துகிறவர்களை வெளியூர்க்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பண்டிகை வந்தால் பூ வாங்க இன்னமும் மாட்டுங்காவுக்குத்தான் ரயிலேறுகிறார்கள்.