முட்டி தட்டுது, எந்த கோட் போடறது? – மெடிக்கல் கோடிங் கேள்வி பதில்

இந்த தடவ வந்ததுல பாதிக்கு மேல ஆர்த்தோ சார்ட், அதாவது எலும்பு மூட்டு பத்தின டாக்டர் குறிப்ப இன்சூரன்ஸுக்கான கோடா மாத்தற கேள்விதான், அதுலயும் கை கால் கோணல் பத்தி. அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, யூஎஸ் ஆர்த்தோ சார்ட் பண்றேன், சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. ஆறு வயசு பையனுக்கு ரெண்டு கால்லயும் ஜீனு வால்கம்னு (முட்டி ரெண்டும் தட்டற கோணல்) டாக்டர் எழுதியிருந்தாரு, பிறவியா இல்லையான்னு ஒண்ணும் இல்ல. சின்ன பையன்தானேன்னு பிறவிக்கான கியூ74.1 போட்டேன், க்யூஏல (வேலைய சரிபாக்கற டீம்) எரர் அடிச்சுட்டாங்க. தப்பா? – பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: தப்புதான் மா. வயச பாத்து பிறவின்னு நீயா முடிவு பண்ணிட்ட பாரு, அங்கதான் போச்சு. கோட் புத்தகத்து இன்டெக்ஸ்ல (அகரவரிசை பட்டியல்) ஜீனு, அதுக்கு கீழ வால்கம் எடுத்துப் பாரு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள அக்வயர்டுன்னு (பின்னாடி வந்தது) இருக்கும். அந்த அடைப்புக்குறிய யாரும் மதிக்கறதில்ல, ஆனா விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு, உள்ள இருக்கற வார்த்தைய டாக்டர் எழுதினாலும் எழுதாட்டியும் அதே கோட்தான்னு அர்த்தம். அப்போ அவர் வெறும்ன ஜீனு வால்கம்னு விட்டா எம்21.06 வரிசை, கன்ஜெனிட்டல்னு (பிறவி) அவரே எழுதினா கியூ74.1, ரிக்கெட்ஸ் வந்து போனதோட பின்விளைவுன்னு எழுதினா இ64.3. ரெண்டு முட்டிக்கும் சேர்த்து ஒரே கோட் கிடையாது, அதனால வலதுக்கு எம்21.061, இடதுக்கு எம்21.062, ரெண்டையும் போடணும்.

இப்ப அதே இன்டெக்ஸ்ல கிளப்ஃபுட் (பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கறது) போய் பாரு, கதை அப்படியே தலைகீழ், அங்க அடைப்புக்குறிக்குள்ள கன்ஜெனிட்டல் உக்காந்திருக்கும். டாக்டர் வெறும் கிளப்ஃபுட்னு விட்டா கியூ66.89, பின்னாடி வந்ததுன்னு எழுதினாதான் எம்21.54 வரிசை. தட்டைப்பாதத்துக்கு மறுபடி அக்வயர்டு, எம்21.4 வரிசை. இதெல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம், ஒவ்வொரு தடவையும் இன்டெக்ஸ் பாத்துட்டு டேபுலர்ல (கோட் எண் வரிசை பட்டியல்) சரிபாரு, அவ்ளோதான். நோட்ஸ்ல ஒண்ணுக்கொண்ணு முரண்டு பிடிச்சா டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்டு எழுதறது) போடு. டார்கெட் போயிடும்னு குவெரி போடாம விடறவங்கதான் நிறைய பேரு, தெரியும்.

இன்னொண்ணு, கியூ கோட் குழந்தைகளுக்கு மட்டும்னு ஒரு நினைப்பு ஓடிட்டிருக்கு. பிறவி குறை சரியாகாம இருந்தா 60 வயசுலயும் கியூ கோட் போடலாம். சரி பண்ணியாச்சுன்னா ஹிஸ்டரி கோட் (முன்ன இருந்ததுன்னு காட்டறது).

கேள்வி: வலது கால் பெருவிரல் பக்கம் எலும்பு புடைச்சு ஆபரேஷன், கூடவே பக்கத்து விரல் ஹேமர் டோ (மடங்கின விரல்). டாக்டர் பனியன்னும் (bunion, அந்த எலும்பு புடைப்பு) ஹாலக்ஸ் வால்கஸ்னும் (பெருவிரல் மத்த விரல் பக்கம் சாயறது) ரெண்டையும் எழுதியிருக்காரு. டீம்ல சீனியர் ரெண்டும் ஒண்ணுதான், எம்20.11 போதும்ங்கறாரு. க்ளெய்ம் வேற டினயல் (இன்சூரன்ஸ் பணம் மறுப்பு) ஆயிடுச்சு. – ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்க சீனியர் சொல்றது ஒரு காலத்துல சரி. ஐசிடி-10-சிஎம் (அமெரிக்க நோய் கோட் பட்டியல்) 2015 அக்டோபர் 1 வந்தப்ப பனியனுக்கு தனி கோட் இல்ல, ஹாலக்ஸ் வால்கஸ் கோட்லயேதான் போட்டோம். 2016 அக்டோபர் 1ல பனியனுக்கு எம்21.61 வரிசை வந்தாச்சு, வலதுன்னா எம்21.611. எம்20.1க்கு கீழ பனியன் எக்ஸ்க்ளூட்ஸ் 2ல இருக்கு, அதாவது அது வேற இது வேற, ரெண்டும் இருந்தா ரெண்டையும் போடலாம். அவர் இன்னும் பழைய எக்செல் ஷீட்டயே வெச்சு ஓட்டறாருன்னு நினைக்கிறேன் (எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருந்தாரு, கலர் கலரா மார்க் பண்ணி வெச்சிருப்பாரு, பாக்க அழகா இருக்கும்).

டினயல் அதனால ஆனதா எனக்கு தோணல, பாயின்டர (எந்த ப்ரொசீஜருக்கு எந்த நோய்னு காட்டறது) பாருங்க. ஃபார்ம்ல 12 டயக்னோஸிஸ் வரைக்கும் போடலாம், ஆனா ஒரு லைனுக்கு நாலுதான் காட்டலாம், ஹேமர் டோ சரி பண்ணற ப்ரொசீஜர் கோட் 28285க்கு எம்20.41தான் காட்டணும். அதுக்கு நேரா பனியன் கோட காட்டினா டயக்னோஸிஸும் ப்ரொசீஜரும் பொருந்தலன்னு சிஓ-11ங்கற மறுப்பு கோட்ல திரும்பி வரும். அடுத்து விரல் மாடிஃபையர் (எந்த விரல்னு காட்ட கோடோட சேர்க்கற குறி). ரெண்டாவது விரல்னதும் டி2ன்னு கை தானா போயிடும், அது இடது கால் மூணாவது விரல்! இடது பெருவிரல் டிஏ, அங்கேருந்து டி1 டு டி4. வலது பெருவிரல் டி5, அங்கேருந்து டி9 வரைக்கும். உங்க பேஷன்டுக்கு டி6.

கேள்வி: நியூஜெர்சில இருக்கற எங்க பெரியப்பாவுக்கு மெடிகேர்தான் (அமெரிக்க அரசோட முதியோர் இன்சூரன்ஸ்). தட்டைப்பாதத்துக்கு ஷூவுக்குள்ள வெக்கற சோலுக்கு பணம் தர மாட்டேன்னுட்டாங்க. வேற கோட் போட்டு வாங்க முடியாதா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியாதுங்க. மெடிகேர் சட்டத்துலயே தட்டைப்பாத வைத்தியம் விலக்கு. ஷூ சமாச்சாரம், காலுக்கு போடற பிரேஸோட சேர்ந்ததா இருந்தாலோ சுகர் பேஷன்டுக்கான தனி சலுகைல வந்தாலோதான் தருவாங்க. பெரியப்பாவுக்கு சுகர் இருந்தா டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, தகுதி இருக்கான்னு அவர் பாப்பாரு. இல்லாத நோய்க்கு கோட் போடச் சொல்றது மோசடி கேஸ், கோட் போட்டவன் வேலை மட்டும் இல்ல, டாக்டர் தலையும் உருளும்.

கேள்வி: ஓபி சார்ட்ல வலது முட்டி ஸ்டிஃப்னஸ் (விறைப்பு), கான்ட்ராக்சரா (மூட்டு சுருங்கி முழுசா நீட்ட முடியாதது) இருக்கலாம்னு இருக்கு. எம்24.561 போடலாமா? – கோவை

பதில்: வேணாம். ஓபில இருக்கலாம், சந்தேகம்னு எழுதினத எல்லாம் நோயா கோட் பண்ணக்கூடாது. ஸ்டிஃப்னஸுக்கு எம்25.661.

கேள்வி: பிசியோ முடிச்சிருக்கேன், கோடிங் வரலாமா? – ஈரோடு

பதில்: தாராளமா வாங்க, வேரஸ் வால்கஸ்னா (கோணல் எந்தப் பக்கம்னு சொல்ற வார்த்தைங்க) என்னன்னு உங்களுக்கு யாரும் படம் போட்டு காட்ட வேண்டாம், மத்தவங்களுக்கு அதுவே ஒரு மாசம் ஆகும். ஆனா உங்க ஆளுங்களோட சிக்கலும் அதேதான், நோட்ஸ்ல இருக்கற ஆங்கிள் அளவ பாத்ததும் டாக்டர் எழுதாத நோய நீங்களே கண்டுபிடிச்சு கோட் போட்டுடுவீங்க. முதல் மூணு மாசம் க்யூஏ உங்கள அதுக்குத்தான் திட்டுவாங்க.