திரை ஓரத்து ஐகான் சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கும் மகன், செமஸ்டர் நெருங்கும் நேரத்தில் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு, திரை ஓரத்துப் பேட்டரிப் படத்தையும் வைஃபை படத்தையும் ராத்திரி ஒரு மணி வரை மாற்றி மாற்றி வரைகிறான். கேட்டால் "லாஞ்சர் டிசைன் பண்றேம்மா" என்கிறான். (மென்பொருள்களைத் திறக்கும் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டைதான் லாஞ்சர்.) இதற்கெல்லாமா சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பெயரில் கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கவுன்டரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த வேலை என்னவென்று உங்களுக்கே தெரியும். ரசீது வரவில்லை. எதிரே ஆள் நிற்கிறார். திரையின் கீழ்மூலையில் பிரிண்டர் படத்தின் மேல் ஏதோ சின்னக் குறி. பேப்பர் தீர்ந்துவிட்டதா, வயர் கழன்றுவிட்டதா, முந்தைய ரசீது சிக்கி நிற்கிறதா? குறி வாய் திறப்பதில்லை. வரைந்தவர் படத்தை அழகாகத்தான் வரைந்திருப்பார். பார்க்கிறவருக்கு அந்த நிமிஷத்தில் எது தெரிய வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தம்பி பழக வேண்டியது அந்த யோசனையைத்தான். வரைவது இதில் கால் பங்குகூட இல்லை.

வைஃபை படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் எத்தனை கோடு என்பது எளிய பகுதி. அணைத்து வைத்திருக்கிறார்கள், இணைய முயல்கிறது, கடவுச்சொல் தப்பு, இணைந்துவிட்டது ஆனால் இன்டர்நெட் வரவில்லை என்று ஒவ்வொன்றும் தனி நிலை. இத்தனையையும் 16 பிக்சல் சதுரத்துக்குள் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். நிறத்தை மாற்றினால் போதாதா என்று தோன்றும். போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள், ஆண்களிலேயே கணிசமானவர்கள் இருக்கிறார்கள். அதனால் வடிவமும் மாற வேண்டும். பின்னணிக்கும் ஐகானுக்கும் குறைந்தது 3:1 ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தளங்களுக்கு வகுத்த அணுகல் விதிகளில் 2018இலேயே எழுதிவிட்டார்கள். டெஸ்க்டாப்புக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். தம்பியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பார்த்துட்டேம்மா" என்று சொல்லி ஒரு நோட்டை நீட்டினால், பையன் விளையாடவில்லை.

அவன் நோண்டுகிற விஷயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸில் 2010இல் யூனிட்டி என்று ஒரு புதிய முகப்பு வந்தது. முதலில் நெட்புக் என்ற குட்டி லேப்டாப்புகளுக்காக. அவற்றின் திரை பெரும்பாலும் 600 பிக்சல் உயரம்தான், அகலம் தாராளம். கீழே ஒரு பட்டை வைத்தால் இருக்கிற உயரமும் போகும். அதனால் லாஞ்சரை இடது ஓரமாக நிமிர்த்தி நிற்க வைத்தார்கள். மவுஸை ஓரத்துக்குத் தள்ளினால் அது அங்கேயே முட்டி நிற்கும், குறி தவறாது. இலக்கு எவ்வளவு பெரிது, எவ்வளவு பக்கத்தில் என்பதைப் பொறுத்தே கை போய்ச்சேரும் நேரம் அமையும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதிதான் இதற்கு அடிப்படை.

மேல் வலது மூலையில் நடந்தது இன்னும் சுவாரசியம். அதற்கு முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தன் ஐகானைத் தானே வரைந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒன்றை இடது கிளிக் செய்தால் ஜன்னல் திறக்கும், இன்னொன்றுக்கு வலது கிளிக் வேண்டும், மூன்றாவது எதற்கும் அசையாது. உபுண்டுக்காரர்கள் இதை மாற்றினார்கள். மென்பொருள் தன் ஐகானின் பெயரையும் மெனுவையும் மட்டும் சொல்லும், வரைவதும் திறப்பதும் பேனல் என்ற அந்த மேல்பட்டையின் பொறுப்பு. எதைக் கிளிக் செய்தாலும் மெனு வரும். அழகைவிட ஒழுங்குதான் டிசைன் என்று தம்பிக்குப் புரிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பிடிவாதமும் இருந்தது. லாஞ்சரைக் கீழே வைக்க விடுங்கள் என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016இல்தான் அனுமதி வந்தது. மறுவருடம் யூனிட்டியையே கைவிட்டுவிட்டு கினோம் என்ற வேறொரு லினக்ஸ் முகப்புக்குத் திரும்பினார்கள். ஆனால் இன்றைக்கு உபுண்டுவைத் திறந்தாலும் இடது ஓரத்தில் பட்டை நிற்கிறது! "நாளைக்கு இந்த சாஃப்ட்வேரே இல்லாம போனா?" என்று பயந்து எழுதியிருந்தீர்களே, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். சாஃப்ட்வேர் போனாலும் யோசனை நிற்கிறது.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2012இல் விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனைத் தூக்கினார்கள். மறுவருடம் 8.1இல் பட்டன் திரும்பி வந்தது. பழைய மாதிரி மெனு வர 2015இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டனுக்கு இந்தப் பாடு.

சரி, வேலைக்கு வருவோம். "டெஸ்க்டாப் ஐகான் டிசைனர் தேவை" என்று விளம்பரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூஎக்ஸ் (பயன்படுத்துகிறவரின் அனுபவம்) டிசைனர், இன்டராக்ஷன் டிசைனர், புராடக்ட் டிசைனர் என்றுதான் வரும். வேலை இருக்கும் இடங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் மட்டும் இல்லை. கார் டேஷ்போர்டில் எரியும் விளக்கு, ஐசியூ மானிட்டர், வங்கி மென்பொருள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: எதை எப்போதும் காட்டுவது, எதை மறைப்பது, எதற்கு மட்டும் கத்துவது. தம்பிக்கு இன்னொரு சாதகம், கோடிங்கும் தெரியும். கினோமில் கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சிகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில்தான் எழுதுகிறார்கள். வரைந்ததைத் தானே ஓட்டிக் காட்டுகிற டிசைனரை எந்த டீமும் விடாது.

அதனால் இன்ஜினியரிங்கை நிறுத்தும் பேச்சே வேண்டாம், அவன் கேட்டாலும் சரி. டிகிரி முடிக்கட்டும். டிசைனில் ஆழமாகப் போக ஆசை இருந்தால், ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி, டிசைன் முதுகலைப் படிப்பான எம்.டெஸ். சேரலாம். ஐஐடிகளில் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்மிலும் இருக்கிறது. சின்ன மகள் பிளஸ் டூ காமர்ஸ் என்று எழுதியிருந்தீர்கள், அவளுக்கும் இதில் விருப்பம் வந்தால் டிசைன் இளங்கலைப் படிப்பான பி.டெஸ்.ஸுக்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை எந்த குரூப் மாணவரும் எழுதலாம்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் யூஎக்ஸ் சர்டிபிகேட் தரும் இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் காசு கட்டாதீர்கள். படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம், கினோமும், அதைப் போன்ற இன்னொரு லினக்ஸ் முகப்பான கேடிஇயும் வெளியாட்களின் உதவியை வரவேற்கின்றன. காசு செலவழிக்காமல் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கத் தெரியாதவனுக்கு சர்டிபிகேட் உதவாது.

அந்த ஒரு வேலையையும் நானே சொல்கிறேன். லினக்ஸில் மெனுவில் தெரியும் மென்பொருள்களுக்கு ஒரு சின்ன டெஸ்க்டாப் கோப்பு உண்டு. அதில் தமிழ்ப் பெயருக்குத் தனி வரி வைக்கலாம். "செட்டிங்ஸ்" என்று எட்டு ஆங்கில எழுத்தில் முடிவது தமிழில் "அமைப்புகள்" என்று அகலமாக விரியும், சில இடங்களில் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கும். மெல்லிய பேனலில் மேலே புள்ளியும் கீழே உகரக் குறியும் இடிபடும். தினமும் தமிழில் கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்குத்தான் இந்தக் குறை கண்ணில் படும். பத்து மென்பொருளை எடுத்து, எது எங்கே வெட்டுப்படுகிறது என்று படம் பிடித்து, திருத்தி, உரியவர்களுக்கு அனுப்பட்டும். ஏற்றுக்கொண்டாலும் சரி, மறுத்து எழுதினாலும் சரி, அந்தக் கடிதப் போக்குவரத்தையெல்லாம் சேர்த்து வைக்கட்டும். நேர்காணலில் முதலில் கேட்பது அதைத்தான்.

செமஸ்டர் முடிகிற வரை ராத்திரி பதினொன்றுக்கு லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அதன் முன்னால் உட்காருங்கள். இன்டர்நெட் ஏன் வரவில்லை என்று அவன் வரைந்த ஐகானைப் பார்த்து நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. நீங்கள் தடுமாறுகிற இடத்தையெல்லாம் அவன் நோட்டில் எழுதட்டும். அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது மார்க் ஷீட்டோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.