சிங்கப்பூர் அண்ணன் பணத்துக்கு டெல்லி அனுமதி வேண்டுமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் என் சொந்தப் பெயரில் அப்பளம் தயாரிக்கிறேன். சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட என் அண்ணன், மெஷின் வாங்க 40 லட்சம் ரூபாய் போடுகிறேன் என்கிறார். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறார். இது அந்நிய முதலீடு, டெல்லி அனுமதி வேண்டும், 3 லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உணவுப்பொருள் தயாரிப்பில் 100 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம். உங்கள் அண்ணன் விஷயத்தில் அரசிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. அனுமதிகளைப் பார்த்துவந்த டெல்லி வாரியத்தையே 2017-ல் கலைத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் இந்த வியாபாரம் நடக்கிறது. ஒரு அரிசி ஆலைக்காரர் என் மேசையில் ஒரு ரசீதை வைத்தார். ‘டெல்லி அப்ரூவல் செலவு’ என்று பேனாவால் எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. முகவரி இல்லை. அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.

சரி, பணத்தை எப்படி வாங்குவது? பின்னாளில் அசலையும் சிங்கப்பூருக்குத் தடையில்லாமல் கொண்டுபோக அண்ணன் நினைத்தால், நீங்கள் பிரைவேட் லிமிடெட் தொடங்க வேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவத்தை ரிசர்வ் வங்கி தளத்தில் ஏற்ற வேண்டும். பிந்தினால் தாமதக் கட்டணம். நம் பக்கத்து வங்கிக் கிளைகளில் இந்தப் படிவத்தின் பேரே பலருக்குத் தெரியாது. ‘சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்பார்கள். அதற்குள் உங்கள் நாள் ஓடும். 2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடத்தினோம். அம்பாசமுத்திரம் தாலுகாவில் அப்பளம் போடுகிறவருக்கு ஒரு படிவத்தை விளக்க ஆள் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

உங்களுக்கு எளிய வழி இன்னொன்று இருக்கிறது. ‘திரும்ப எடுத்துச் செல்லா முதலீடு’ என்று பெயர். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் இப்படிப் போடும் பணத்தைச் சட்டம் உள்நாட்டு முதலீடாகவே பார்க்கிறது. சொந்தப் பெயர்த் தொழிலிலேயே போடலாம், எஃப்சி-ஜிபிஆர் தேவையில்லை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பணம் ஒரேயடியாக முடங்கிவிடாது. அசலை எடுக்கும்போது அண்ணனின் என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் வாழ்கிறவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வரும். அங்கிருந்து வரி கட்டிவிட்டு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். உங்கள் 40 லட்சம் ரூபாய் அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அண்ணனுக்கு இந்தச் சலுகை அட்டையால் கிடைப்பது. அவருடைய சீன நண்பரும் கூட்டுச் சேர்கிறேன் என்றால் இந்த வழி அந்த நண்பருக்குக் கிடையாது.

அப்புறம், ‘குடும்பச் செலவு’ என்று சொல்லி உங்கள் சேமிப்புக் கணக்கில் பணத்தை வாங்காதீர்கள். நாளைக்கு அது முதலீடு என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது. தொழில் கணக்குக்கு, முதலீடு என்றே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மெஷின் ஷெட்டுக்கென்று அண்ணன் பேரில் வயல் எதுவும் பத்திரம் போட வேண்டாம். ஓசிஐ அட்டைக்காரர் இங்கே விவசாய நிலம் வாங்கக் கூடாது.