வாசகர் கேள்வி – பதில்: கொம்பில்லாத மூஸ் எதை நம்பி நிற்கிறது?

கேள்வி: பனிக்காட்டில் ஓநாய்கள் சூழ்ந்தும் மூஸ் என்ற பெரிய மான் ஒன்று ஓடாமல் நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டோம். அதற்குக் கொம்பும் இல்லை. எந்தத் தைரியத்தில் நிற்கிறது? ஹோட்டன் சமவெளியின் மரையும் இப்படி நிற்குமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: முன்னங்கால்களை நம்பித்தான். மூஸில் கொம்பு ஆணுக்கு மட்டுமே. இணைசேரும் பருவத்தில் மற்ற ஆண்களோடு மோதத்தான் அது முக்கியமாக உதவும். குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். ஆகவே பனி மாதங்களில் ஆணும் பெண்ணும் குளம்பால்தான் போராட வேண்டும்.

அலாஸ்காவின் பெரிய ஆண் மூஸ் 600 கிலோவைத் தாண்டும். தோள் உயரம் 2 மீற்றரைத் தொடும். ஓநாயோ பெரும்பாலும் 30 முதல் 50 கிலோதான். முன்னங்காலை ஓங்கி மிதித்தால் அதன் விலா நொறுங்கும். பின்னாலும் பக்கவாட்டிலும்கூட மூஸால் உதைக்க முடியும். காயப்பட்ட ஓநாய்க்கு வேட்டை இல்லை, பட்டினிதான். அதனால் கூட்டம் முதலில் சீண்டிப் பார்க்கும். முறைத்து நிற்கும் மூஸைப் பெரும்பாலும் விட்டுப் போய்விடும். ஓடுவதைத் துரத்திப் பின்தொடையைக் கவ்வும். இதனால் அடர்ந்த மரங்களை முதுகுப்புறம் வைத்து நிற்பது மூஸுக்கு நல்ல அரண்.

பனியின் தன்மையும் முடிவை மாற்றும். நீண்ட கால்களால் சாதாரணப் பனியை மூஸ் எளிதில் கடக்கும். பனியின் மேற்பரப்பு உறைந்து ஓடு கட்டிவிட்டால் ஓநாய் மேலே ஓடும், மூஸின் கால் அதை உடைத்துப் புதையும். அமெரிக்காவின் ஐல் ரோயல் தீவில் 1958 முதல் ஓநாயையும் மூஸையும் ஆராய்ந்து வருகிறார்கள். அங்கு அதிகம் இரையாவன கன்றுகளும், மூட்டுவாதம் கண்ட முதிய மூஸ்களும். தப்பி ஓடும்போது தாய் கன்றை முன்னே விட்டு, தான் பின்னே காவலாக வரும்.

மரையின் நிலை வேறு. நம் மலைநாட்டில் அதன் எதிரி சிறுத்தை. தனியே பதுங்கி வந்து தொண்டையைக் கவ்வும். எதிர்த்து நிற்க அவகாசமே கிடைக்காது. அதனால் மரைக்குக் காதும் மூக்கும்தான் காவல். ஆபத்தை உணர்ந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலை நிமிர்த்தும், உரத்து ஒலி எழுப்பும். தன்னைக் கண்டுவிட்டது என்று தெரிந்தால் சிறுத்தை பல வேளைகளில் கைவிட்டுவிடும். ஆனால் நாய்கள் துரத்தினால் மரை நீரில் இறங்கி நின்று காலால் அடிக்கும். தோட்டங்களில் கட்டாக்காலி நாய்களைப் பெருகவிடுவது மரைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

கேள்வி: கனடா செல்லும் என் மகன் மூஸைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: 30 மீற்றருக்கு உள்ளே போகக் கூடாது. கன்றுக்கும் தாய்க்கும் இடையில் அகப்படவே கூடாது. காதைப் பின்னே மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்து, உதட்டை நக்கினால் அது பாயத் தயாராகிறது. உடனே ஓடிப் பருத்த மரத்தின் பின்னே ஒதுங்கட்டும். கரடியிடம் ஓடக் கூடாது, மூஸிடம் ஓடலாம். அது நெடுந்தூரம் துரத்துவது அரிது. நாயை அவிழ்த்துவிட்டு நடக்க வேண்டாம். மூஸுக்கு நாயும் ஓநாய்தான். வெருண்ட நாய் எசமானிடமே ஓடிவரும், மூஸும் பின்னே வரும்.