திரையில் நீலம், அச்சில் ஊதா: வரைகலைக் கேள்வி பதில்

கேள்வி: போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றையும் கற்றே ஆக வேண்டுமா? ஒன்று போதாதா?

பதில்: முதலில் இல்லஸ்ட்ரேட்டர். அதிலும் முதலில் கோடு வரையும் கருவியான பென் டூல். போட்டோஷாப் படத்தைப் புள்ளிகளாக வைத்திருக்கிறது, பெரிதாக்கினால் உடைந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டர் கோடுகளைக் கணக்காக வைத்திருப்பதால் விசிட்டிங் கார்டுக்கு வரைந்த லோகோவை பேனர் அளவுக்கும் இழுக்கலாம். லோகோவை போட்டோஷாப்பில் செய்வதுதான் புதியவர்களின் வழக்கமான பிழை. எட்டுப் பக்கத்துக்கு மேல் போகும் வேலை என்றால் பக்கங்களை அமைக்கும் இன்டிசைன் தேவைப்படும். தலைப்புகளின் அளவை மாற்ற வேண்டி வந்தால், பாராகிராஃப் ஸ்டைலில் (பத்திகளுக்குப் பெயரிட்டுச் சேமித்த அமைப்பு) ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

கேள்வி: பணம் கட்டாமல் தொழில்முறை வேலை செய்ய முடியுமா?

பதில்: முடியும். வரைய இங்க்ஸ்கேப், படத் திருத்தத்துக்கு கிம்ப், ஓவியத்துக்கு கிரிட்டா, பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ். சிக்கல் அச்சில்தான். இங்க்ஸ்கேப்பில் வண்ணம் பெரும்பாலும் ஆர்.ஜி.பி. (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) கணக்கில்தான் ஓடும். எனவே எஸ்.வி.ஜி. என்ற கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்து ஸ்கிரைபஸில் இறக்கி, வண்ணங்களை சி.எம்.ஒய்.கே. (சயான் எனும் வெளிர்நீலம், மெஜந்தா எனும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய அச்சு மைகள்) ஆக்கி அங்கிருந்து பி.டி.எஃப். எடுங்கள். மங்கல், நிழல் போன்ற ஃபில்டர்களை ஸ்கிரைபஸ் விட்டுவிடும். அவற்றை மட்டும் இங்க்ஸ்கேப்பிலேயே 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக மாற்றிவிட வேண்டும். ஃபிக்மா திரைக்கான கருவி, அச்சு வேலைக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி: திரையில் அருமையான நீலம். அச்சடித்து வந்தால் ஊதா. அச்சகத்தின் தவறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை ஒளியைக் கலக்கிறது, அச்சு மையைக் கலக்கிறது. திரையின் சுத்த நீலத்துக்குச் சமமான மைக் கலவையே கிடையாது. மென்பொருள் அதை மாற்றும்போது சயானோடு ஏறக்குறைய அதே அளவு மெஜந்தாவையும் சேர்த்துவிடும். அந்த மெஜந்தாதான் ஊதாவாகத் தெரிகிறது. கலவையை நீங்களே எழுதுங்கள்: சயான் 100 சதவீதம், மெஜந்தா 60 சதவீதம். இரண்டுக்கும் குறைந்தது 30 வித்தியாசம் இருந்தால் நீலம் நீலமாகவே நிற்கும்.

முன்கூட்டியே பார்க்கவும் வழி உண்டு. அச்சகத்திடம் ஐ.சி.சி. புரொஃபைல் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில் வியூ மெனுவின் புரூஃப் செட்டப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+ஒய் அழுத்துங்கள். அச்சில் வரப்போகும் நிறம் கிட்டத்தட்டத் தெரியும். மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. வெண்மை டி65 (பகல் வெளிச்சத்தின் வெண்மை), வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா, இதற்குள் வையுங்கள்.

கறுப்பிலும் கவனம் வேண்டும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை 100 மட்டும் போதும். நான்கு மையும் கலந்தால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும். பெரிய கறுப்புப் பரப்புக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலக்கலாம், மொத்தம் 240. ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற கறுப்பை மட்டும் தொடவே கூடாது. அதில் நான்கு மையும் 100 வீதம், மொத்தம் 400. மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இன்டிசைனில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

பதில்: கோளாறு எழுத்துருவில் இல்லை, வரி கோக்கும் கம்போசரில் இருக்கிறது. பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு எதுவும் திறக்காத நிலையில் இதைச் செய்தால் இனி தொடங்கும் எல்லாக் கோப்புக்கும் அதுவே அமையும். ஏற்கெனவே உள்ள ஸ்டைல்களில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் மாற்ற வேண்டும். போட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, புதிய கோப்பில் தொடங்குங்கள். பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டில் தட்டிய உரையோ வேறு கதை. அதற்கு எழுத்துருவை மாற்றினால் போதாது, உரையையே குறியீடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

சரியாக வந்த பிறகு, ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் தலைப்பில் எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டு விலகி, படிப்பவர் தடுமாறுவார். வரி இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். 12 பாயின்ட் எழுத்துக்கு மென்பொருள் தரும் 14.4 போதாது. 17 வைத்தால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டாது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் ஆகியவை நம்பிப் பயன்படுத்தக்கூடிய இலவச எழுத்துருக்கள். மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் வணிக வேலைக்கும் தடையில்லை. எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது.

கேள்வி: பேனா டேப்லெட்டில் வட்டம் வரைந்தால் திரையில் நீள்வட்டமாக வருகிறது. கை சரியில்லையா?

பதில்: கை சரிதான். டேப்லெட்டின் அகல உயர விகிதமும் மானிட்டரின் விகிதமும் வேறாக இருக்கின்றன. டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் விகிதத்தைப் பொருத்தும் தேர்வைப் போடுங்கள். டேப்லெட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

கேள்வி: ஆன்லைன் டெம்ப்ளேட்டில் செய்த லோகோவை டிரேட்மார்க் பதியலாமா?

பதில்: கூடாது. கேன்வா போன்ற தளங்களின் டெம்ப்ளேட்டும் படக்குறியும் எல்லோருக்கும் பொது. நாளை இன்னொருவரும் அதையே வைத்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டை யோசனைக்கு வைத்துக்கொண்டு, குறியைப் புதிதாக வரையுங்கள்.

கேள்வி: அச்சகம் கோப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. என்ன விட்டுப்போகிறது?

பதில்: அநேகமாக பிளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டிவைக்கும் ஓரம். ஏ4 என்றால் 210 × 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூட்டி, பின்னணி நிறத்தை 216 × 303 வரை நீட்டுங்கள். வெட்டுக்கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். முழுப்பக்கப் படம் பிளீட் இல்லாமலேயே, 300 டி.பி.ஐ. கணக்கில், 2480 × 3508 பிக்சல் இருக்க வேண்டும். கோடுகள் 0.25 பாயின்டுக்குக் குறையக் கூடாது. அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப். வகையான பி.டி.எஃப்./எக்ஸ்-4 ஏற்பார்களா என்று கேளுங்கள், பழைய இயந்திரம் என்றால் எக்ஸ்-1ஏ கேட்பார்கள். இல்லஸ்ட்ரேட்டர் கோப்பையே கேட்டால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ அழுத்தி எழுத்தை வடிவமாக்கி அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்துவைக்காவிட்டால், ஒரு எழுத்துப்பிழை திருத்தவும் மொத்தத்தையும் மறுபடி தட்ட வேண்டிவரும்.