எழுத்துக்கும் வேலைப் பயணத்துக்கும் எந்த லேப்டாப் வாங்கலாம்?

கோத்தகிரியில் வீடு, வேலையாகக் கூடலூர், கோவை என்று அலைச்சல், மிச்ச நேரம் எழுத்து, கையில் அறுபதாயிரம் என்கிறீர்கள். நானும் அந்தப் பக்கம்தான், பிழைப்பும் ஏறக்குறைய அதேதான். பிராசஸரை அப்புறம் பார்க்கலாம், முதலில் கரண்ட்.

ஜூன் பிறந்து காற்றும் மழையும் சேர்ந்துவிட்டால் எங்கேயாவது ஒரு மரம் கம்பி மேல் விழும். எப்போது கரண்ட் வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. அதனால் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப்பை மட்டும் பாருங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த சில மாடல்களில் அது ஃபைல் அனுப்ப மட்டும்தான். 'பவர் டெலிவரி', அதாவது அந்தத் துளை வழியாகவே சார்ஜ் ஏற்றும் வசதி, உண்டா என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இது இருந்தால் பவர் பேங்க் கைகொடுக்கும். பவர் பேங்க் மேல் போட்டிருக்கும் 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). வீணாவது போக அறுபதுக்குப் பக்கத்தில் தேறும். சாதாரண 14 அங்குல லேப்டாப் பேட்டரி ஐம்பது சொச்சம் வாட்-மணிதான், ஆக ஒரு முழு சார்ஜ் கிடைக்கும். போனுக்கு வாங்கிய பவர் பேங்க் இதற்கு ஆகாது. 20 வோல்ட்டில் 45 வாட்டாவது தர வேண்டும். விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம்.

அடுத்தது விசைப்பலகை. தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. தனித் தமிழ்ப் பலகை தேட வேண்டாம். கடையில் நின்றபடியே ஒரு பத்தி அடித்துப் பாருங்கள், விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். பஸ்ஸில் எழுதலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் திரையைப் பார்த்தால் வாந்திதான் வரும்.

எழுத்து வேலைக்கு எட்டு ஜிபி ராம் போதும், பின்னால் கூட்ட முடியாத மாடல் என்றால் பதினாறாக வாங்குங்கள். ஃபைல்களைச் சேமிக்கப் பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம், வேகமான எஸ்எஸ்டி கட்டாயம்.

என் ஓட்டு லெனோவோவின் திங்க்பேட் டி வரிசைக்கு. புதுசு பட்ஜெட்டில் அடங்காது, புதுப்பித்து விற்பது கிடைக்கும். 2018-ல் வந்த டி480-இல் வெளிப் பேட்டரியை மெஷினை அணைக்காமலே மாற்றலாம். மழைக்கால மலைக்கு அது பெரிய சௌகரியம், எடைதான் கொஞ்சம் கூட. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரா என்று பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எடைதான் முக்கியம் என்றால் ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர்: 1.29 கிலோ, ஃபேனே கிடையாது.

குளிரிலிருந்து மேட்டுப்பாளையம் வெக்கைக்கு இறங்கினால் உடனே ஆன் செய்யாதீர்கள். சில்லென்றிருக்கும் மெஷினில் ஈரம் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

வாரண்டியில் 'ஆன்-சைட்' (ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்வது) என்று போட்டிருந்தால் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கீ கழன்றாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும்.